மலேரியாவை ஒழிக்கும் ஆராய்ச்சி கல்லீரலில் உறங்கும் கிருமியைத் தேடிப் போக வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலேரியாத் தடுப்பூசி குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த தலையங்கத்தைப் படித்தேன். ஆப்பிரிக்கக் குழந்தைகள் எல்லோருக்கும் அந்த ஊசி போய்ச் சேர வேண்டும் என்று எழுதியிருந்ததை முழுமனதோடு வரவேற்கிறேன். ஆனால், ஊசி வந்துவிட்டதால் மலேரியா பற்றிய ஆராய்ச்சி ஏறக்குறைய முடிந்துவிட்டது, இனி அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டுமே பாக்கி என்று பொருள்பட அமைந்திருந்த கடைசிப் பத்தி மனத்தை உறுத்தியது. வட சென்னையில் 33 ஆண்டுகள் மலேரியா ஆய்வகத்தில் நுண்ணோக்கியில் ரத்தத் தடவல் பார்த்து ஓய்வுபெற்றவன் நான். ஆராய்ச்சி முடியவில்லை என்பதோடு, அது எந்த இடத்தில் முடியாமல் நிற்கிறது என்பதையும் சொல்ல வேண்டியது என் கடமை என்று கருதியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் ஆர்.டி.எஸ்.,எஸ் தடுப்பூசியையும், 2023 அக்டோபரில் ஆர்-21 தடுப்பூசியையும் பரிந்துரைத்தது. இரண்டாவது ஊசி நம் புனேயில் உள்ள சீரம் இன்ஸ்டிடியூட்டில் தயாராகிறது. இரண்டுமே பிளாஸ்மோடியம் ஃபால்சிபேரம் என்ற கிருமியைக் குறிவைத்து உருவாக்கப்பட்டவை. 2023ஆம் ஆண்டில் மலேரியாவால் உலகில் சுமார் 5,97,000 பேர் இறந்தனர், அவர்களில் நூற்றுக்கு 95 பேர் ஆப்பிரிக்க வட்டாரத்தினர் என்று அந்நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அந்தச் சாவுகளில் மிகப்பெரும்பாலானவற்றுக்கு ஃபால்சிபேரம்தான் காரணம். ஆகையால் முதல் ஊசி அதற்கு எதிராக வந்தது முற்றிலும் நியாயமே. அந்த முயற்சிக்குச் செலவாகும் பணத்தில் ஒரு ரூபாயைக்கூடக் குறைக்கச் சொல்லவில்லை. ஆனால், என் நுண்ணோக்கியின் கீழ் நான் ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தது பெரும்பாலும் அந்தக் கிருமியை அல்ல. சென்னையின் மலேரியா பிளாஸ்மோடியம் வைவாக்ஸ் என்ற வேறொரு கிருமியால் வருவது. புனேயில் தயாராகும் ஊசி சென்னைவாசியின் மலேரியாவைத் தடுக்காது. வைவாக்ஸைத் தடுக்கவென்று அனுமதி பெற்ற ஊசி உலகில் இன்றுவரை ஒன்றுகூட இல்லை.

மலேரியாவைக் குறைப்பது வேறு, உலகிலிருந்தே அறவே ஒழிப்பது வேறு. குறைப்பதுதான் நோக்கம் என்றால் ஃபால்சிபேரத்தைப் பற்றி மட்டும் பேசினால் போதும். அறவே ஒழிப்பது நோக்கம் என்றால், ஆராய்ச்சியின் முதல் வரிசையில் வைவாக்ஸும், குறிப்பாக அது மனிதக் கல்லீரலில் மாதக்கணக்கில் உறங்கிக் கிடக்கும் நிலையும் இடம்பெற்றாக வேண்டும். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்பே ஒரு பெண்மணியிடம் தெரிந்துகொண்டேன்.

2011ஆம் ஆண்டு ஆடி மாதம். மீன்பிடித் துறைமுகத்தில் கூடை சுமக்கும் பெண்மணி ஒருவர், குளிரும் நடுக்கமும் ஒருநாள் விட்டு ஒருநாள் வருவதாகச் சொல்லி எங்கள் ஆய்வகத்துக்கு வந்தார். மோதிர விரலில் குத்தி, கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தடவிக் காயவைத்து, ஜே.எஸ்.பி. சாயத்தில் தோய்த்துப் பார்த்தேன். நீல வளையமும் அதன் விளிம்பில் சிவப்புப் பொட்டுமாக, ஒற்றைக்கல் மோதிரத்தைப் போல, பார்வைக்குப் பார்வை வைவாக்ஸ் தெரிந்தது. ரத்தத்தில் உள்ள கிருமிக்குக் குளோரோகுயின் முதல் நாள் 4, இரண்டாம் நாள் 4, மூன்றாம் நாள் 2. அத்துடன் கல்லீரலில் உறங்கும் கிருமிக்குப் பிரைமாகுயின் நாளுக்கு 2 வீதம் 14 நாளுக்கு 28 மாத்திரைகள் என்று கணக்காகக் கொடுத்து அனுப்பினார்கள். ஐப்பசியில் அதே பெண்மணி மறுபடியும் வந்தார். அதே காய்ச்சல், அதே கிருமி. மார்கழியில் மூன்றாம் முறையாக வந்தபோது, புடவை முந்தானையின் முடிச்சை அவிழ்த்து ஒரு காகிதப் பொட்டலத்தை மேசைமேல் வைத்தார். உள்ளே முதல் முறை கொடுத்த பிரைமாகுயினில் 22 மாத்திரைகள் அப்படியே இருந்தன. “மூணாம் நாளே காய்ச்சல் நின்னுபோச்சு சார். அதைப் போட்டா வயித்தைப் புரட்டுது. வயித்தைப் புரட்டினா வேலைக்குப் போக முடியலை. மாத்திரையைத் தூக்கிப்போட மனசு வரலை, அதான் பத்திரமா வெச்சிருந்தேன்” என்றார்.

அவர் சொன்னதில் பொறுப்பின்மை எதுவும் இல்லை. காய்ச்சல் இல்லாத உடம்புக்கு 11 நாள் மாத்திரை எதற்கு என்ற கேள்விக்கு அவருக்குப் புரியும்படி நாங்கள் பதில் சொல்லியிருக்கவில்லை. அதைவிட வருத்தமானது எங்கள் பதிவேடு. ஆடியில் ஒரு வரி, ஐப்பசியில் ஒரு வரி, மார்கழியில் ஒரு வரி. மூன்றும் மூன்று புதிய நோயாளிகளாகவே எழுதப்பட்டிருந்தன. அந்த மூன்று வரிகளும் ஒரே பெண்மணி என்பது மேலே போன அறிக்கை எதிலும் இல்லை. மூன்று முறை கொசு கடித்ததால் அவருக்கு மூன்று முறை காய்ச்சல் வந்ததா, ஒரே கடியில் உள்ளே போன கிருமி மூன்று முறை எழுந்ததா என்று அன்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லக்கூடிய பரிசோதனை கிடையாது. இன்றும் கிடையாது.

கொசு கடிக்கும்போது உடம்பில் நுழையும் கிருமி நேரே ரத்தத்துக்குப் போவதில்லை. முதலில் கல்லீரலுக்குப் போகிறது. ரோனால்ட் ராஸ் 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்ட பிறகும், கடிபட்ட மனிதனின் உடம்பில் அது முதல் சில நாள்கள் எங்கே ஒளிந்திருக்கிறது என்பது அரை நூற்றாண்டுக்குப் புதிராகவே இருந்தது. 1948இல் லண்டனில் ஹென்றி ஷார்ட், சிரில் கார்ன்ஹாம் ஆகிய இருவரும் குரங்கின் கல்லீரலில் அதைக் கண்டார்கள். இவர்களில் ஷார்ட், 1930களில் நம் கிண்டி கிங் நிலையத்தின் இயக்குநராக இருந்தவர் என்பது சென்னைக்காரர்கள் பலருக்குத் தெரியாது. ஃபால்சிபேரம் கல்லீரலில் பெருகிவிட்டு மொத்தமாக ரத்தத்துக்குப் போய்விடும். வைவாக்ஸில் ஒரு பகுதி அப்படிப் போகாமல், பெருகவும் செய்யாமல், ஒரு கல்லீரல் செல்லுக்குள் ஒடுங்கிப் படுத்துவிடும். இந்த உறங்குநிலைக் கிருமியை நுண்ணோக்கியில் காட்ட 1980களின் தொடக்கம்வரை ஆயிற்று. வெப்பநாட்டு வகைகள் மூன்று நான்கு வாரத்தில் எழுந்துவிடுகின்றன. குளிர்நாட்டு வகைகள் எட்டு ஒன்பது மாதம்வரை உறங்கும். இந்தியாவில் இரண்டு போக்குமே உண்டு.

இந்த உறக்கத்தை எது கலைக்கிறது? ஃபால்சிபேரம் காய்ச்சல் வந்து குணமானவர்களுக்கு அடுத்த சில வாரங்களில் வைவாக்ஸ் தலைகாட்டுவதைத் தாய்லாந்தில் அடிக்கடி கண்டிருக்கிறார்கள். வேறொரு காய்ச்சலே அதை எழுப்பிவிடுகிறது என்பது ஒரு கருத்து. ஆனால் நிறுவப்பட்ட விடை இல்லை. இது வெறும் அறிவுப் பசிக்கான கேள்வி என்று யாரும் ஒதுக்கிவிடக் கூடாது. பாப்புவா நியூ கினியில் பிள்ளைகளிடம் நடத்திய ஓர் ஆய்வில், வைவாக்ஸ் தொற்றுகளில் ஐந்தில் நான்கு புதுக் கொசுக்கடியால் வந்தவை அல்ல, கல்லீரலிலிருந்து எழுந்தவை என்று தெரியவந்தது. அப்படியானால் ஓர் ஊரில் கொசுவலை கொடுத்து, மருந்தடித்து, கொசுக்கடியை அறவே நிறுத்திவிட்டாலும் அந்த ஊர்க்காரர்களின் கல்லீரலுக்குள் மலேரியா மிச்சம் இருக்கும். அது எழுந்து ரத்தத்துக்கு வந்த சில நாள்களுக்குள்ளேயே, நோயாளி மருத்துவமனைக்குப் போவதற்கு முன்பே, கொசுவுக்குத் தொற்றக்கூடிய வடிவம் ரத்தத்தில் வந்துவிடும். அந்த வேளையில் ஒரு கொசு மிஞ்சியிருந்தால் போதும்.

ஏன் இவ்வளவு காலமாக இதற்கு விடை இல்லை என்று கேட்கலாம். ஃபால்சிபேரத்தை ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கும் முறையை 1976இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அதனால் உலகில் எந்த நகரத்திலும் அதை வைத்து ஆராய முடிகிறது. வைவாக்ஸ் இளம் சிவப்பணுக்களை மட்டுமே நாடும். நம் ரத்தத்தில் அவை நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான். ஆகையால் அதைக் குடுவையில் தொடர்ந்து வளர்க்க இன்றுவரை யாராலும் முடியவில்லை. ஆராய வேண்டுமானால் நோயாளியின் விரலிலிருந்து வந்த புதிய ரத்தம் வேண்டும்; ஆய்வகம் நோயாளிக்கு அருகில் இருக்க வேண்டும். பணமும் கருவிகளும் மிகுந்த நாடுகளில் பெரும்பாலும் வைவாக்ஸ் நோயாளிகள் இல்லை. நோயாளிகள் உள்ள நாடுகளில் ஆய்வகங்கள் குறைவு. நோயாளிகளும் நல்ல ஆய்வகங்களும் ஒருசேர இருக்கும் மிகச் சில இடங்களில் தென்னிந்தியா ஒன்று. ஆனால், தமிழ்நாட்டில் மலேரியா இப்போது ஆண்டுக்குச் சில நூறு பேர் என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. இது பெருமைக்குரியது, அதேநேரம் இன்னும் சில ஆண்டுகளில் ஆராய்வதற்கு நம்மிடம் கிருமியே இருக்காது. அதனால்தான் அவசரப்படுகிறேன்.

மருந்து விஷயத்துக்கு வருகிறேன். கல்லீரலில் உறங்கும் கிருமியைக் கொல்ல 1950களின் தொடக்கத்திலிருந்து நம்மிடம் இருப்பது பிரைமாகுயின். எழுபது ஆண்டுகள் கடந்தும் அது கிருமியை எப்படிக் கொல்கிறது என்பது முழுமையாகத் தெளிவாகவில்லை. நான் பணியில் சேர்ந்த காலத்தில் இந்தியாவில் அதை 5 நாள்தான் கொடுத்தார்கள். பல ஆண்டுகள், பல லட்சம் பேருக்கு, அந்த 5 நாள் கணக்கில்தான் மாத்திரை போயிற்று. பின்னர் மும்பை போன்ற இடங்களில் முறையாக ஆய்வு செய்து பார்த்தபோது, 5 நாள் மருந்து திரும்பி வரும் காய்ச்சலைத் தடுக்கவில்லை, 14 நாள் கொடுத்தால் தடுக்கிறது என்று தெரிந்தது. கணக்கு 14 நாளாயிற்று. என் கையாலேயே 5 நாள் பொட்டலம் கட்டிக் கொடுத்திருக்கிறேன். அந்த ஆய்வு பத்தாண்டு முன்னதாக நடந்திருந்தால் எத்தனை பேர் மறுபடி நடுங்கியிருக்க மாட்டார்கள் என்ற எண்ணம் இன்றும் எனக்கு வருகிறது.

14 நாள் பலன் தருகிறது, மாத்திரையை விழுங்கினால். நான் சொன்ன பெண்மணியைப் போல மூன்றாம் நாள் நிறுத்திவிட்டால் பலன் இல்லை. அதனால்தான் நாளைக் குறைப்பது பற்றிய ஆராய்ச்சியை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன். ஆப்கானிஸ்தான், எத்தியோப்பியா, இந்தோனேசியா, வியட்நாம் ஆகிய நான்கு நாடுகளில் நடந்த ஒரு பெரிய சோதனையின் முடிவு 2019இல் வெளியாயிற்று. மொத்த அளவைக் குறைக்காமல் 14 நாள் மருந்தை 7 நாளில் கொடுத்தாலும் பலன் குறையவில்லை என்பது அதன் சாரம். இன்னொரு பக்கம், ஒரே ஒரு வேளை விழுங்கினால் போதும் என்ற டாஃபனோகுயின் மருந்துக்கு 2018இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கேட்பதற்கு இதுவே முடிவான விடைபோலத் தோன்றும். ஆனால் இந்தோனேசியப் படைவீரர்களிடம், ரத்தத்தில் உள்ள கிருமியைக் கொல்லும் ஆர்டிமிசினின் கூட்டு மருந்தோடு அதைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தபோது, எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. எந்த மருந்தோடு சேர்த்தால் பலிக்கும், நம் மக்களின் உடல் எடைக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற கேள்விகளுக்கு இங்கேயே, நம் நோயாளிகளிடமே விடை தேடியாக வேண்டும்.

இவ்விரு மருந்துகளுக்கும் பொதுவான ஒரு ஆபத்து உண்டு. ஜி-6-பி-டி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்கள் இவற்றை உட்கொண்டால் சிவப்பணுக்கள் உடைந்து ரத்தச்சோகை கடுமையாகும். பிரைமாகுயின் சிலருக்கு மட்டும் ஏன் ஒத்துக்கொள்வதில்லை என்று தேடிப் போய்த்தான் 1956இல் அந்தக் குறைபாட்டையே கண்டுபிடித்தார்கள். மாத்திரை கொடுக்கும்போது நாங்கள் நோயாளியிடம் சொன்ன எச்சரிக்கை ஒன்றே ஒன்று: சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வாருங்கள். அதாவது, பரிசோதனையை நோயாளியின் உடம்பிலேயே செய்தோம். பிரைமாகுயினையாவது நடுவில் நிறுத்திவிடலாம். டாஃபனோகுயினை ஒருமுறை விழுங்கிவிட்டால் அது வாரக்கணக்கில் உடம்பில் தங்கும், திரும்ப எடுக்க முடியாது. ஆகவே அதைக் கொடுப்பதற்கு முன் நொதியின் அளவை எண்ணிக்கையாக அளந்து சொல்லும் கருவி அவசியம். அந்தக் குறைபாட்டின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் அதைச் சுமக்கும் பெண்களில் பலர் இரண்டுங்கெட்டான் அளவில் இருப்பார்கள். ‘உண்டு, இல்லை’ என்று மட்டும் சொல்லும் சோதனை அவர்களைத் தவறவிட்டுவிடும். கையடக்கக் கருவிகள் வந்திருக்கின்றன. ஆரம்பச் சுகாதார நிலையத்தின் வெக்கையிலும் மின்வெட்டிலும், ஒரு செவிலியர் ஐந்து நிமிடத்தில் பயன்படுத்தக்கூடிய விலையில் அவை வர வேண்டும்.

கர்ப்பிணிகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அவர்களுக்கு இவ்விரு மருந்துகளையும் கொடுக்கக் கூடாது. வயிற்றில் உள்ள குழந்தையின் நொதி அளவை யாரும் அளக்க முடியாது. குளோரோகுயினை மட்டும் கொடுத்து, பிரசவத்துக்குப் பிறகு வாருங்கள் என்று அனுப்புவோம். அவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று எண்ணினால் என் ஒரு கை விரல்கள் போதும். கைக்குழந்தையோடு வரிசையில் நிற்க யாருக்கு முடியும்? உறங்கும் கிருமியைக் கொல்லவும் வேண்டும், கருவுக்குத் தீங்கும் நேரக் கூடாது என்ற மருந்துக்கான தேடல், மருந்து நிறுவனங்களுக்கு லாபம் தராது. ஆகையால் பொதுப்பணம்தான் இதில் இறங்க வேண்டும்.

இனி, உறங்கும் கிருமியைக் கண்டுபிடிக்கும் வழி. கல்லீரலில் இருக்கும்போது அது ரத்தத்தில் தடயம் எதையும் விடுவதில்லை. நானல்ல, உலகின் தலைசிறந்த நுட்புநர் பார்த்தாலும் தடவலில் தெரியாது. கிருமியின் மரபணுவைத் தேடும் மூலக்கூறு சோதனையிலும் தெரியாது. ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் வேறொரு வழியில் போயிருக்கிறார்கள். கிருமியைத் தேடுவதற்குப் பதிலாக, அதற்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்புப் புரதங்களை அளந்து, கடந்த 9 மாதத்துக்குள் இவருக்கு வைவாக்ஸ் தொற்று இருந்ததா என்று ஊகிக்கும் சோதனை அது. இருந்திருந்தால் அவர் கல்லீரலில் கிருமி உறங்கிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். அவருக்கு மட்டும் மருந்து கொடுக்கலாம். ஊர் முழுக்க எல்லோருக்கும் ஆபத்தான மருந்தைக் கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஒரு சொட்டு ரத்தத்தில், ஒரு தெருமுனை முகாமில் செய்யக்கூடிய எளிய சோதனையாக அது மாற வேண்டும். அந்த வேலை இன்னும் முடியவில்லை.

அதற்குள் இன்னொரு சிக்கலும் தெரியவந்திருக்கிறது. இந்தோனேசியாவின் பாப்புவாப் பகுதியில் விபத்து முதலிய காரணங்களால் மண்ணீரல் அகற்றப்பட்டவர்களின் மண்ணீரலை ஆராய்ந்தபோது, காய்ச்சலே இல்லாதவர்களிடமும் வைவாக்ஸ் அங்கே ஏராளமாகத் தங்கியிருந்தது. ரத்த ஓட்டத்தில் இருந்ததைவிடப் பல மடங்கு அதிகம். அப்படியானால் திரும்ப வரும் காய்ச்சல் எல்லாம் கல்லீரலிலிருந்துதான் வருகிறதா, மண்ணீரலிலிருந்தும் வருகிறதா? இவ்விரண்டுக்கும் ஒரே மருந்து போதுமா? மலேரியா மிகப் பழைய நோய், அதைப் பற்றித் தெரிய வேண்டியது எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைப்பவர்கள், இந்த உண்மை 2020களில்தான் தெரியவந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இத்தனையும் மனித உடம்பைப் பற்றியது. கொசுவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இது சென்னை உலகத்துக்குச் சொல்லித்தர வேண்டிய பாடம். நம் நகரத்தில் மலேரியாவைப் பரப்புவது அனாஃபிலிஸ் ஸ்டீஃபன்சி. மற்ற மலேரியாக் கொசுக்கள் வயலையும் ஓடையையும் நாடினால், இது கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் நல்ல தண்ணீரில் முட்டையிடும். எங்கள் களப்பணியாளர்கள் கிணற்றுக்குள் வாளியை விடும்போது பார்த்திருக்கிறேன். தங்கள் நிழல் தண்ணீரில் விழாதபடி ஒதுங்கி நின்று, சுவரை ஒட்டி மெல்ல இறக்கி, மேலே தூக்கிய பிறகும் தண்ணீர் அசைவு அடங்கும்வரை பொறுத்திருப்பார்கள். நிழல் பட்டால் புழு அடியில் போய்விடும். மற்ற கொசுப்புழு தலைகீழாகத் தொங்கும். அனாஃபிலிஸ் புழு மட்டும் துரும்பைப்போல் நீர்மட்டத்தோடு படுத்திருக்கும். எத்தனையோ ஆண்டுகளாகக் கைமாறி வந்த இந்த அறிவு, எந்த ஆராய்ச்சி இதழிலும் முழுமையாகப் பதிவாகாமல், பணி ஓய்வு பெறுபவர்களோடு வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

இந்தக் கொசு 2012இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் தென்பட்டது. அவ்வாண்டு அந்நாட்டில் பதிவான மலேரியா 27 பேருக்கு. 2020இல் 73,000க்கும் மேல். கொசு ஒன்றே காரணம் என்று சொல்வதற்கில்லை என்றாலும், அது பெரும் பங்கு வகித்தது என்பதை மறுப்பவர் இல்லை. பிறகு எத்தியோப்பியா, சூடான், சோமாலியா, நைஜீரியா, கென்யா என்று பரவிவிட்டது. எத்தியோப்பியாவின் டிரே தவா நகரில் 2022இல் கோடைக்காலத்திலேயே நோய் வெடித்தது. மழைக்காலத்தில் மட்டும் மலேரியாவை எதிர்பார்த்துப் பழகிய ஊர் அது. இலங்கையை உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடாக அறிவித்தது 2016 செப்டம்பர் 5 அன்று. அதே ஆண்டு டிசம்பரில் மன்னாரில் இந்தக் கொசு கண்டுபிடிக்கப்பட்டது. கொசுவலையும் வீட்டுச் சுவர் மருந்தும் கிராமத்து ஆப்பிரிக்கக் கொசுக்களை மனத்தில் வைத்து உருவானவை. தண்ணீர்த் தட்டுப்பாட்டால் வீடுதோறும் தொட்டி கட்டும் நகரத்தில் தொட்டிக் கொசுவை எப்படிக் கட்டுப்படுத்துவது, எவ்வளவு செலவாகும், எந்த மூடி நிலைக்கும், எந்த மீனை விட்டால் மக்கள் ஏற்றுக்கொள்வார்கள் என்பவை ஆய்வு செய்து எண்ணிக்கையோடு சொல்ல வேண்டிய விஷயங்கள். எத்தியோப்பியாவிலும் கென்யாவிலும் உள்ள நகராட்சிகள் இதற்குப் போக வேண்டிய இடம் சென்னைதான். நம்மிடம் எழுதிக் கொடுக்க ஏடு இருக்க வேண்டும்.

இருக்கும் கருவிகளை வைத்தே இலங்கையும் சீனமும் மலேரியாவை ஒழித்துவிட்டனவே, புதிய ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். உள்நாட்டுப் போர் நடந்த ஆண்டுகளிலும், வடக்கிலும் கிழக்கிலும்கூட, இலங்கையின் மலேரியா ஒழிப்பு இயக்க ஊழியர்கள் நோயாளியைத் தேடிப்போய் மாத்திரை கொடுத்ததை நான் வணங்குகிறேன். உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி அங்கே 2012 அக்டோபரில் பதிவானார். சீனம், நோய் தெரிந்த ஒரே நாளில் அறிக்கை, மூன்று நாளில் விசாரணை, ஏழு நாளில் நடவடிக்கை என்ற ஒழுங்கை நாடு முழுக்கக் கடைப்பிடித்து 2021இல் சான்று பெற்றது. பழைய கருவிகளால் முடியும் என்பதற்கு இவை சான்று. ஆனால் ஒவ்வொரு நோயாளிக்கும் பின்னால் ஓர் ஊழியர் 14 நாள் நிற்க வசதியுள்ள அரசால் முடிந்தது, அது இல்லாத நாட்டில் முடியாது என்பதற்கும் அவையே சான்று.

அந்த ஊழியர்படையை எவ்வளவு காலம் வைத்திருக்க முடியும் என்பதற்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. 1963இல் இலங்கையில் ஆண்டு முழுக்கப் பதிவானது 17 பேருக்கு மட்டுமே. 1969இல் 5 லட்சத்துக்கும் மேல். இந்தியாவில் 1961இல் சுமார் 49,000; 1976இல் 64 லட்சத்துக்கும் மேல். உலக சுகாதார நிறுவனம் 1955இல் ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது, கொசுவைக் கொல்ல டி.டி.டி. இருக்கிறது, கிருமியைக் கொல்ல குளோரோகுயின் இருக்கிறது, இனி அறிய வேண்டியது எதுவும் இல்லை என்ற நம்பிக்கையில் ஆராய்ச்சியைக் கைவிட்டார்கள்; மலேரியா படித்தவர்கள் வேறு துறைகளுக்குப் போனார்கள்; கொசுவும் கிருமியும் மருந்துக்குப் பழகியபோது மாற்று வழி கைவசம் இல்லை. 1969இல் அந்தத் திட்டமே கைவிடப்பட்டது. தங்கள் தலையங்கத்தின் கடைசிப் பத்தி எனக்கு அந்த நம்பிக்கையை நினைவூட்டியதால்தான் இவ்வளவு எழுதும்படி ஆயிற்று.

நோய் குறையும்போது முதலில் மங்குவது கண். நான் சேர்ந்த புதிதில் 100 தடவலில் 10இல் கிருமி இருக்கும். கண் எப்போதும் விழிப்பாக இருக்கும். ஓய்வு பெறும் காலத்தில் வாரம் முழுக்கப் பார்த்தாலும் ஒன்றும் இருக்காது. நுண்ணோக்கியில் 100 இடங்களைப் பார்க்க வேண்டிய தடவலில் 30 இடத்தோடு தகட்டை நகர்த்திவிடும் கை எனக்குத் தெரியும். கடைசி நோயாளியைத் தவறவிடப்போவது அந்தக் கைதான். கிருமி அருகிவிட்ட ஊரில் நுட்புநரின் திறமையை எப்படிக் காப்பது, எத்தனை பேருக்குச் சோதனை செய்தால் போதும், எந்த வேளையில் நுண்ணோக்கியை விட்டு மூலக்கூறு சோதனைக்கு மாற வேண்டும் என்பனவும் ஆராய்ச்சிக் கேள்விகளே. மரபணு மாற்றிய கொசுவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் ஊடகங்கள் இதைப் பற்றி ஒரு வரி எழுதி நான் பார்த்ததில்லை.

2027க்குள் உள்நாட்டுத் தொற்றே இல்லாத நிலை, 2030க்குள் முழு ஒழிப்பு என்று இந்தியா இலக்கு வைத்திருக்கிறது. இந்தக் குறுகிய காலத்தில் தமிழ்நாடு செய்யக்கூடிய, பெருஞ்செலவில்லாத ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு வைவாக்ஸ் நோயாளியின் படிவத்திலும், இவருக்கு முன்பு மலேரியா வந்ததா, எப்போது, அப்போது கொடுத்த மாத்திரையில் எத்தனை விழுங்கினார் என்ற மூன்று கேள்விகளைச் சேர்க்க வேண்டும். பெயர் வேறு ஊரில் வேறு எழுத்தில் பதிவானாலும் ஒரே ஆள் என்று கண்டுகொள்ளும் வழி வேண்டும். கட்டட வேலைக்காக ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருபவர்களை நோயைச் சுமந்து வந்தவர்கள் என்று விலக்கிவைக்காமல், அடுத்த ஊருக்குப் போனாலும் மாத்திரையை முடிக்க வழி செய்து, அது பலிக்கிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கிருமியின் மரபணுவை மட்டும் ஒப்பிட்டு, திரும்பி வந்ததா புதிதா என்று முடிவு செய்துவிட முடியாது. ஒரே கல்லீரலில் வெவ்வேறு காலத்தில் நுழைந்த வெவ்வேறு கிருமிகள் உறங்கக்கூடும். ஆகையால் நோயாளியின் வரலாறும் ரத்தமும் சேர்ந்தே இருந்தால்தான் ஆராய்ச்சிக்குப் பயன்படும்.

அந்தத் துறைமுகப் பெண்மணியின் மூன்று தகடுகளும், வழக்கப்படி சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவப்பட்டு அடுத்த நோயாளிகளுக்குப் பயன்பட்டன. அப்போது ஒவ்வொரு முறையும் ஒரு சொட்டு ரத்தத்தை வடிதாளில் காயவைத்து, உறையில் போட்டு, தேதி எழுதி வைத்திருந்தால் சில ரூபாய்தான் செலவாகியிருக்கும். இப்போது ஆண்டுக்குச் சில நூறு பேர்தான். அவர்கள் ஒவ்வொருவரின் சம்மதத்தோடும் அப்படி ஒரு வடிதாளை எடுத்துச் சேமித்துவைக்கும்படி மாநில சுகாதாரத் துறையையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தையும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். அந்த வடிதாள்களை எப்படி எடுப்பது, எப்படி ஈரம் படாமல் வைப்பது என்று இளைய நுட்புநர்களுக்குக் கற்றுத்தர என்னைப் போன்ற ஓய்வுபெற்றவர்கள் பலர் ஊதியம் இன்றி வரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற மலேரியா ஆய்வக நுட்புநர்,
ராயபுரம், சென்னை.